மூவேந்தவேளான்கள் எத்தனை பேர்?

1978ஆம் ஆண்டு மதுரை சர்வோதய இலக்கியப் பண்ணை மூன்று தொகுதிகளாக ஒரு நூலை வெளியிட்டது. சோழர் கல்வெட்டுகளில் வரும் பெயர்களுக்கான அடைவு அது. தொகுத்தவர்கள் ஜப்பானிய வரலாற்றறிஞர்கள் நொபோரு கராஷிமா, தோரு மட்சுயி, அவர்களுடன் நம் எ. சுப்பராயலு. ஏறத்தாழ 3,500 கல்வெட்டுகளைப் படித்து, அவற்றில் வரும் 9,000-க்கும் மேற்பட்ட ஆட்பெயர்களைப் பிரித்தெடுத்து, ஒவ்வொரு பெயரும் எந்த ஊரில், எந்த அரசனின் காலத்தில் வருகிறது என்று வரிசைப்படுத்தினார்கள். கணினியின் துணையோடு நடந்த வேலை. தமிழக வரலாற்றாய்வில் அப்படியொன்று அதற்கு முன் இந்த அளவில் நடந்ததில்லை.

அவர்கள் மனத்தில் இருந்த கேள்வி பெரியது. சோழ அரசில் அதிகாரம் யார் கையில் இருந்தது, நிலம் யார் கையில் இருந்தது, நானூறு ஆண்டுகளில் இரண்டும் எப்படி மாறின? தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு ஒன்றை எவ்வளவு ஆழமாகப் படித்தாலும் இதற்கு விடை வராது. எண்ணித்தான் ஆக வேண்டும். அதற்காகச் சோழர் காலத்தை நான்கு பகுதிகளாக வகுத்துக்கொண்டார்கள்: 849 முதல் 985 வரை, 985 முதல் 1070 வரை, 1070 முதல் 1178 வரை, அதன்பின் 1279 வரை. ஒவ்வொரு பகுதியிலும் எந்தப் பட்டம் எத்தனை முறை வருகிறது என்று பார்த்தார்கள். இராசராசனும் இராசேந்திரனும் ஆண்ட இரண்டாம் பகுதியில் அரசு அலுவலரிடையே மலிந்திருக்கும் மூவேந்தவேளான் என்ற பட்டம் பிற்காலத்தில் மங்குவது இப்படித்தான் கண்ணில் பட்டது.

இன்று ஒரு நிரலாளரிடம் இந்த வேலையைக் கொடுத்தால், காலத்தால் பிரி, பட்டத்தால் பிரி, ஒவ்வொன்றிலும் எத்தனை என்று எண்ணு என்று மூன்று கண்ணிகள் கோத்த ஒரு வினவலை எழுதிவிடுவார். தேடுதளங்களில் இதற்கு அக்ரிகேஷன் என்று பெயர். தமிழில் திரட்டல் எனலாம். பைத்தான் மொழியில் இதைச் சங்கிலியாக எழுதும் வழிகள் பத்தாண்டுக்கு மேலாகப் புழக்கத்தில் இருக்கின்றன. எழுதுவது எளிதாகிவிட்டது. கராஷிமா குழுவினர் எண்ணத் தொடங்கும் முன்பே தீர்மானித்தாக வேண்டியிருந்த சிலவற்றை, இந்த எளிமை தீர்மானிக்காமலே விட்டுவிடவும் இடம் தருகிறது. எதை எண்ணுகிறோம் என்பது அவற்றில் முதன்மையானது.

முதலில் கருவிகளின் கதை. டக் கட்டிங் 1999இல் எழுதிய லூசீன் என்ற தேடல் நூலகமே இத்துறையின் அடித்தளம். அதன்மேல் சோலார் என்ற தேடுதளம் வந்தது. 2010இல் ஷே பேனன் எழுதிய எலாஸ்டிக்சர்ச் வந்தது. தொடக்கத்தில் இவை ஃபேசெட் என்ற எளிய எண்ணிக்கையை மட்டும் தந்தன. இணையக் கடைகளில் இடப்பக்கம் வரும் நிறம், விலை, அளவுப் பட்டியல்களை நினைத்துக்கொண்டால் போதும். எலாஸ்டிக்சர்ச்சில் ஒரு ஃபேசெட்டுக்குள் இன்னொன்றை வைக்க முடியாது. அதன் முதல் முழுப் பதிப்பு 2014இல் வெளிவந்தபோது ஃபேசெட் இடத்தில் அக்ரிகேஷன் வந்தது. ஒரு பிரிவுக்குள் இன்னொரு பிரிவை, அதற்குள் ஓர் அளவை என்று அடுக்கிக்கொண்டே போகலாம் என்றாயிற்று. 2021இல் உரிமப் பிணக்கால் கிளைத்த ஓப்பன்சர்ச்சும் இதே முறையைத்தான் பின்பற்றுகிறது.

அடுக்க முடிந்தது, எழுதுவதுதான் கடினமாக இருந்தது. வினவல் என்பது ஜேசான் வடிவத்தில் அகராதிக்குள் அகராதியாகச் செல்லும் ஒரு கட்டமைப்பு. நான்கு மட்டம் உள்ளே போனால் எந்த அடைப்பு எதை மூடுகிறது என்று எழுதியவருக்கே தெரியாது. ஹோன்சா க்ரால் உருவாக்கிய பைத்தான் நூலகம் இந்தச் சிக்கலைத் தீர்க்க வந்தது. ஜாங்கோ என்ற பைத்தான் வலைச்சட்டகத்தின் வினவல் பாணியை ஒட்டி, ஒவ்வொரு செயலும் அடுத்த செயலை ஏற்கும் ஒரு பொருளைத் திருப்பித் தருமாறு அதை அமைத்தார்கள். தனியாக இருந்த அந்த நூலகம் 2025இல் எலாஸ்டிக்சர்ச்சின் அதிகாரபூர்வப் பைத்தான் தொகுப்புக்குள்ளேயே சேர்ந்துவிட்டது.

சங்கிலி எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு வரி:

கல்வெட்டுகள்.வடிகட்டு(மண்டலம்="பாண்டிமண்டலம்").பிரி("காலம்").பிரி("பட்டம்").அள("எண்ணிக்கை")

இப்பெயர்களில் வகுப்பும் செயல்களும் எழுதிவைத்தால் இந்த வரி அப்படியே ஓடும். 2008இல் வந்த பைத்தான் மூன்றாம் பதிப்பு முதல் மாறிகளுக்கும் செயல்களுக்கும் தமிழில் பெயர் வைக்கலாம். இடமிருந்து வலமாகப் படித்தால் கேள்வியே கேட்கிறது. பாண்டிமண்டலத்துக் கல்வெட்டுகளை எடு, காலவாரியாகப் பிரி, ஒவ்வொரு காலத்துக்குள்ளும் பட்டவாரியாகப் பிரி, எண்ணு. வரலாற்று மாணவர் ஒருவருக்கு இதைப் படிக்க நிரலாக்கம் தெரிந்திருக்கத் தேவையில்லை. சங்கிலியின் முதல் நன்மை இதுதான். கேள்வி கேட்பவரும் நிரல் எழுதுபவரும் ஒரே வரியைப் பார்த்துப் பேசலாம்.

இரண்டாவது நன்மை, கடைசிவரை எதுவும் தேடுதளத்துக்குப் போவதில்லை என்பது. ஒவ்வொரு கண்ணியும் கேள்வியைக் குறித்துக்கொள்கிறது. இயக்கு என்று சொல்லும்போதுதான் மொத்தமும் ஒரே கோரிக்கையாகச் செல்கிறது. ஆகவே பாதிச் சங்கிலியைக் கட்டி வைத்துக்கொண்டு அதிலிருந்து பல கேள்விகளைக் கிளைக்க விடலாம். பாண்டிமண்டலம் என்ற வடிகட்டல் வரை ஒரு பொருள்; அதிலிருந்து பட்டங்களுக்கு ஒரு கிளை, வரிகளுக்கு ஒரு கிளை.

கிளைக்கும் இடத்தில்தான் புதியவர்கள் இடறுகிறார்கள். க்ராலின் நூலகத்தில் வடிகட்டல் போன்ற செயல்கள் ஒவ்வொரு முறையும் புதிய நகலைத் தருகின்றன. பழைய பொருள் மாறாமல் இருக்கும். திரட்டல் மட்டும் விதிவிலக்கு. அது இருக்கிற பொருளையே மாற்றிவிடும். பொது அடிப்படையாக வைத்திருந்த பொருளில் ஒரு செயல் பட்டங்களைப் பிரிக்கச் சொல்லி, மற்றொரு செயல் வரிகளைப் பிரிக்கச் சொன்னால், இரண்டாவது கேள்வியோடு முதல் கேள்வியும் ஒட்டிக்கொண்டு போகும். நகல் எடுத்தாலும் முழுப் பாதுகாப்பு இல்லை. மேல்மட்ட அகராதிதான் நகலாகிறது. அதனுள் உள்ள பக்கெட்டுகளை, அதாவது பிரித்த பிரிவுகளை, மூலமும் நகலும் பகிர்ந்துகொள்கின்றன. இது ஆவணத்தில் குறிப்பிடப்பட்ட நடத்தைதான். திரட்டலில் மூன்றாம் மட்டத்துக்குள் மேலும் ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்றால் அந்த மட்டத்தின் பொருளைக் கையில் பிடித்தாக வேண்டும் என்பதால் இப்படி அமைத்திருக்கிறார்கள்.

இன்னொரு நுட்பம் உண்டு. பக்கெட்டைச் சேர்க்கும் செயல் புதிதாகப் பிறந்த உள் பக்கெட்டைத் திருப்பித் தரும். அளவைச் சேர்க்கும் செயல் அதே பழைய பக்கெட்டைத் தரும். ஆகவே ‘பிரி, அள, பிரி’ என்று எழுதினால் இரண்டாவது பிரிப்பு முதல் பிரிப்புக்குள் அமரும். ‘பிரி, பிரி, அள’ என்றால் அளவு உள்ளே இருக்கும் பிரிவுக்குப் போகும். சங்கிலியில் ஒரு சொல் இடம் மாறினால் விடையின் பொருளே மாறுகிறது. கண்ணுக்குத் தெரியாத இந்த உள்தள்ளலைத் தெரிய வைப்பதற்காகவே சிலர் நூலகத்தின்மேல் சொந்தமாக ஒரு மெல்லிய அடுக்கு எழுதிக்கொள்கிறார்கள்.

அப்படி எழுதுவதானால் செய்ய வேண்டியது அதிகமில்லை. பைத்தான் 3.7 முதல் டேட்டாகிளாஸ் இருக்கிறது. அதை உறைந்த வகையாக அறிவித்துவிட்டால் உருவான பின் அதன் புலங்களுக்கு வேறு மதிப்பை ஏற்ற முடியாது. அதற்குள் படிகளின் பட்டியலை டியூப்பிளாக வைக்க வேண்டும். பிரி, அள, வடிகட்டு ஆகிய ஒவ்வொரு செயலும் பழைய டியூப்பிளோடு ஒரு படியைச் சேர்த்துப் புதுப் பொருளைத் தரும். தேடுதளத்துக்கு அனுப்பும் நேரத்தில், கடைசிப் படியிலிருந்து பின்னோக்கி வந்து, ஒவ்வொன்றையும் அதற்கு முந்தையதன் வயிற்றுக்குள் வைத்தால் ஜேசான் தயார். நூறு வரிக்குள் அடங்கிவிடும். எதிர்த்திசையிலும் ஒரு செயல் தேவை. தேடுதளம் தரும் விடையும் பக்கெட்டுக்குள் பக்கெட்டாகத்தான் வரும். அதை அவிழ்த்துக் காலம், பட்டம், எண் என்று வரிசை வரிசையாகத் தருவது பயன்படுத்துவோருக்குப் பேருதவி. பலர் முதல் பாதியைச் சிரத்தையாக எழுதிவிட்டு இரண்டாம் பாதியை ஒவ்வொரு இடத்திலும் கைபோன போக்கில் எழுதுகிறார்கள். பிழைகள் பெரும்பாலும் அங்கேதான் குடியேறுகின்றன.

இனி, எதை எண்ணுகிறோம் என்ற கேள்வி. மதுரையிலிருந்து வடகிழக்கே கிடாரிப்பட்டி அருகில் அழகர்மலைக் குகைத்தளத்தில் தமிழி எழுத்துக் கல்வெட்டுகள் உள்ளன. கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று ஐராவதம் மகாதேவன் கணித்தார். சமணத் துறவியருக்குக் கொடை அளித்தவர்களின் பெயர்களும் தொழில்களும் அவற்றில் இருக்கின்றன. மதுரைப் பொற்கொல்லர் ஒருவர், உப்பு வணிகர், பாணிதம் என்னும் சர்க்கரைப் பாகு விற்பவர், ஏர்க்கொழு விற்பவர், அறுவை என்னும் துணி விற்பவர். சங்க கால மதுரையின் கடைத்தெருவே ஒரு பாறைப் படுக்கையில் கையொப்பம் இட்டிருக்கிறது. தொழில்வாரியாகப் பிரித்து எண்ணு என்று சொன்னால் ஒவ்வொரு தொழிலுக்கும் ஒன்று என்று வரும். ஆனால் எந்த ஒன்று? ஒரு கல்வெட்டா, ஒரு வரியா, ஓர் ஆளா? குகைத்தளம் முழுவதையும் ஓர் ஆவணமாகத் தேடுதளத்தில் ஏற்றியிருந்தால் ஒரே ஆவணத்துக்குள் ஐந்து தொழில்கள். வணிகர் என்ற பொதுப் பிரிவில் கேட்டால் நால்வர் இருக்கும் இடத்தில் ஒன்று என்றே விடை வரும். தேடுதளம் எண்ணுவது ஆவணங்களை. ஆட்களை அது அறியாது.

சோழர் கல்வெட்டுகளுக்கு வந்தால் இது விபரீதமாகவே ஆகும். கோயில் கல்வெட்டு ஒன்றில் விளக்கெரிக்க ஆடு கொடுத்த வணிகரும் இருப்பார், ஆணையை எழுதி அனுப்பிய மூவேந்தவேளானும் இருப்பார். இருவரையும் ஒரே ஆவணத்தில் சாதாரணப் பட்டியலாக ஏற்றினால், எலாஸ்டிக்சர்ச் கொடையாளர், ஆணை அனுப்பியவர் என்ற பங்குகளை எல்லாம் ஒரு பக்கமும் பட்டங்களை எல்லாம் இன்னொரு பக்கமும் தட்டையாக்கி வைத்துக்கொள்ளும். யாருடைய பட்டம் எது என்ற இணைப்பு அறுந்துபோகும். பிறகு ‘கொடையாளராக வரும் மூவேந்தவேளான்கள் எத்தனை’ என்று கேட்டால், ஆடு கொடுத்தவரின் பங்கும் ஆணை அனுப்பியவரின் பட்டமும் ஒன்றாகப் பொருந்தி, இல்லாத ஓர் ஆளை அது கணக்கில் சேர்க்கும். பிழைச்செய்தி எதுவும் வராது. எண் அழகாக வரும்.

இதற்குத் தீர்வு இருக்கிறது. ஆட்களை நெஸ்டட் என்ற வகையில் ஏற்றினால் ஒவ்வோர் ஆளும் உள்ளுக்குள் தனி ஆவணமாகச் சேமிக்கப்படுவார். திரட்டலில் நெஸ்டட் என்ற கண்ணி வழியே ஆள் மட்டத்துக்கு இறங்கலாம். ரிவர்ஸ் நெஸ்டட் வழியே கல்வெட்டு மட்டத்துக்குத் திரும்பி ஏறலாம். ‘மூவேந்தவேளான்கள் எத்தனை முறை வருகிறார்கள்’ என்பதும் ‘எத்தனை கல்வெட்டுகளில் வருகிறார்கள்’ என்பதும் இரண்டு வேறு கேள்விகள். சங்கிலியில் இந்த ஒரு கண்ணியில்தான் வேறுபாடு. இறங்கும்போது மட்டத்தை மறப்பவர்கள் குறைவு. ஏற மறப்பவர்கள் அதிகம்.

சொந்த அடுக்கு எழுதுவோர் இந்த இடத்தில் ஒரு கட்டாயத்தை வைத்துவிடுவது நல்லது. சங்கிலியின் முதல் கண்ணியே எண்ணும் அலகாக இருக்கட்டும்:

கல்வெட்டுகள்.அலகு("ஆள்").பிரி("காலம்").பிரி("பட்டம்").அள("எண்ணிக்கை")

அலகு சொல்லாமல் பிரி என்றால் நிரல் மறுக்க வேண்டும். ஆள் என்று சொன்னால் உள்ளே இறங்குவது, கல்வெட்டு என்று சொன்னால் மேலே நிற்பது என்பதை அடுக்கே பார்த்துக்கொள்ளும். நூலகங்கள் இப்படிக் கட்டாயப்படுத்துவதில்லை. அவை எல்லாத் தரவுக்கும் பொதுவானவை. கல்வெட்டு, மருத்துவமனைப் பதிவு, நீதிமன்ற ஆவணம் போல ஓர் ஆவணத்துக்குள் பல ஆட்கள் வரும் தரவுக்கு இந்தக் கட்டாயம் இல்லாமல் இருப்பது ஆபத்து.

காலத்தால் பிரிப்பது அடுத்த சிக்கல். பாண்டிய நாட்டில் அது இருமடங்கு. ஒத்தக்கடை அருகே ஆனைமலையில் உள்ள நரசிங்கப் பெருமாள் குடைவரைக் கல்வெட்டு, மாறன்காரி என்ற அமைச்சர் கோயிலைக் குடைந்ததைக் கலியாண்டு 3871 என்று குறிக்கிறது. அது கி.பி. 770. இப்படி ஓர் ஆண்டு துல்லியமாகக் கிடைப்பது பெரும் பேறு. பெரும்பாலானவற்றில் அரசனின் ஆட்சியாண்டுதான் இருக்கும். முதலாம் இராசராசன் என்று உறுதியானால் 985இல் தொடங்கி எண்ணிக்கொள்ளலாம். பிற்காலப் பாண்டியரில் ஒரே நேரத்தில் பலர் ஆண்டார்கள். சடையவர்மன், மாறவர்மன் என்ற பட்டங்கள் மாறி மாறி வரும். சுந்தரபாண்டியர்கள் பலர், குலசேகரர்கள் பலர். போதாக்குறைக்கு, இத்தனையாவது ஆண்டின் எதிர் இத்தனையாவது என்று இரட்டை எண்ணில் ஆண்டைக் குறிக்கும் வழக்கமும் பாண்டியரிடம் உண்டு. ஆக, ஒரு கல்வெட்டுக்கு ஓர் ஆண்டு என்று தேடுதளத்தில் ஏற்ற முடியாது. ‘1216 அல்லது 1251ஐ ஒட்டி’ என்றுதான் பல நேரம் சொல்ல முடியும்.

இதற்கு எலாஸ்டிக்சர்ச்சில் காலவரம்பு என்ற புலவகை இருக்கிறது. தொடக்கம், முடிவு இரண்டையும் கொடுத்துவிடலாம். ஆண்டுவாரியான திரட்டலும் அதன்மேல் வேலை செய்யும். ஆனால் வரம்பு தொடும் ஒவ்வொரு பக்கெட்டிலும் அந்தக் கல்வெட்டு ஒருமுறை எண்ணப்படும். நூறாண்டு ஐயமுள்ள ஒரு கல்வெட்டு, பத்தாண்டு பக்கெட்டுகளில் பத்து இடத்திலோ அதற்கு மேலோ தலைகாட்டும். நீண்ட கால ஐயமுள்ள கல்வெட்டுகளே வரைபடத்தை நிரப்பிவிடும். தெளிவான ஆண்டுள்ள ஆனைமலைக் கல்வெட்டு ஒரே ஒரு புள்ளியாக ஒதுங்கும். கராஷிமா குழுவினர் நூறாண்டை ஒட்டிய அகலமான நான்கு பகுதிகளை வைத்துக்கொண்டதன் பயன் இப்போது விளங்கும். பக்கெட் அகலமானால் எல்லையைத் தாண்டும் ஐயங்கள் குறையும். பத்தாண்டு பக்கெட்டை நிரல் தரும் என்பதற்காக அதைக் கேட்கக் கூடாது.

எழுத்துக்கு வருவோம். தமிழ்த் தரவில் திரட்டல் செய்வோர் முதலில் சந்திக்கும் தொல்லை, கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரு சொற்கள் இரு பக்கெட்டுகளில் விழுவது. யூனிகோடில் ‘கொழு’ என்ற சொல்லின் முதல் எழுத்தை இரண்டு விதமாக எழுதலாம். ஒகரக் குறியை ஒரே குறியீடாக வைக்கலாம். கொம்பையும் காலையும் தனித்தனியாக வைத்துச் சேர்க்கலாம். திரையில் வேறுபாடு தெரியாது. திரட்டலுக்கு அவை இரு வேறு சொற்கள். சோழன், கோயில், ஊரோம், சபையோம் என்று கல்வெட்டில் நிறைந்திருக்கும் சொற்களெல்லாம் இப்படி இரண்டாகப் பிளக்கக் கூடியவை. பழைய எழுத்துருக்களிலிருந்தும் திஸ்கியிலிருந்தும் மாற்றப்பட்ட உரைகளில் இது சாதாரணம். தேடுதளத்தில் ஏற்றும் முன்பே பைத்தானின் யூனிகோட்டேட்டா தொகுப்பால் எல்லாவற்றையும் என்.எஃப்.சி. வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. ஒரே வரி வேலை. செய்யாமல் விட்டால் பின்னால் எந்தச் சங்கிலியாலும் சரிசெய்ய முடியாது.

பைத்தானே இன்னொரு இடத்தில் கைவிடும். உரையைச் சொற்களாகப் பிரிக்கப் பலரும் பயன்படுத்தும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் குறியீடு, உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் சொல்லின் பகுதியாகக் கருதுவதில்லை. ‘தமிழ்’ என்ற சொல்லைக் கொடுத்தால் ‘தம’, ‘ழ’ என்று இரண்டு துண்டு வரும். அப்படித் துண்டாக்கிய உரையில் சொல் எண்ணிக்கை கேட்டால் வருவதை எதற்கும் பயன்படுத்த முடியாது. ரெகெக்ஸ் என்ற தனி நூலகத்தையோ, ஓப்பன்-தமிழ் என்ற தமிழுக்கான பைத்தான் தொகுப்பையோ எடுத்துக்கொள்வது நல்லது. எலாஸ்டிக்சர்ச்சின் இயல்பான சொற்பிரிப்பு யூனிகோடு விதிப்படி நடப்பதால் அங்கே இந்தச் சேதம் இல்லை.

உரை வடிவிலான புலத்தின்மேல் நேரடியாகத் திரட்ட முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். சொற்களாக உடைத்து வைத்த புலம் தேடுவதற்கு. உடைக்காமல் முழுமையாக வைத்த கீவேர்டு புலம் திரட்டுவதற்கு. கீவேர்டு மதிப்புகள் நெடுக்கு வரிசையாக வட்டில் சேமிக்கப்படுவதால்தான் லட்சக்கணக்கான ஆவணங்களை நொடிக்குள் எண்ண முடிகிறது. பட்டம் என்ற புலத்தை இரண்டு வடிவிலும் ஏற்றிவிடுவதே வழக்கம். அழகர்மலையில் ‘மதிரை’ என்று இருப்பதை அப்படியே ஒரு புலத்திலும், ‘மதுரை’ என்று இன்னொரு புலத்திலும் வைப்பது அவசியம். கல்வெட்டின் எழுத்தை ஆய்வாளர் தேடுவார். ஊர்வாரியாக எண்ண விரும்புபவருக்கு இரண்டும் ஒரே ஊர்.

இனி தோராயங்கள். தேடுதளம் தரும் எண்கள் எல்லாம் துல்லியமானவை என்று நினைப்பவர்கள் உண்டு. தரவு ஷார்டு என்னும் பல துண்டுகளில் சிதறியிருக்கும்போது, ஒவ்வொரு ஷார்டும் தன்னிடம் முன்னணியில் இருக்கும் பட்டங்களை மட்டும் அனுப்புகிறது. அவற்றைக் கூட்டித்தான் விடை. ஒரு ஷார்டில் பின்தங்கிய பட்டம் அங்கே எண்ணப்படாமலே போகலாம். எவ்வளவு பிழை இருக்கக்கூடும் என்பதையும், பட்டியலுக்கு வெளியே எத்தனை விடுபட்டன என்பதையும் எலாஸ்டிக்சர்ச் விடையோடு சேர்த்தே தருகிறது. பெரும்பாலான நிரல்கள் அந்த இரண்டு எண்களையும் படிப்பதே இல்லை. ஏழாம் பதிப்பு முதல் இயல்பாக ஒரே ஷார்டுதான் என்பதால் சிறு தரவுக்கு இந்தக் கவலை குறைந்திருக்கிறது.

ஆனால் முன்னணிப் பத்து என்ற இயல்பு அளவு அப்படியே இருக்கிறது. எத்தனை பக்கெட் வேண்டும் என்று சொல்லாவிட்டால் பத்துதான் கிடைக்கும். ஆட்பெயர்களில் பெரும்பகுதி ஓரிரு முறையே வரும் என்ற நிலையில், முதல் பத்தைப் பார்ப்பது அரசனையும் அவனது பேரதிகாரிகளையும் பார்ப்பதாகவே முடியும். ஊர்ச்சபைப் பங்காளியும் தச்சரும் வாலில் இருக்கிறார்கள். முழுப் பட்டியலும் வேண்டுமென்றால் பக்கம் பக்கமாகத் தரும் காம்போசிட் திரட்டல் உண்டு. அரிதாக வருபவற்றை மட்டும் கேட்க ரேர் டெர்ம்ஸ் உண்டு. சமூக வரலாறு எழுதுவோருக்கு இந்த இரண்டும்தான் முக்கியம்.

வேறுபட்ட பெயர்கள் எத்தனை என்ற கேள்விக்கும் தோராயமே விடை. பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபிலிப் ஃப்ளாஜோலே குழுவினர் 2007இல் வெளியிட்ட ஹைப்பர்லாக்லாக் என்ற முறையின் மேம்பட்ட வடிவத்தை எலாஸ்டிக்சர்ச் பயன்படுத்துகிறது. கோடிக்கணக்கான மதிப்புகளையும் சில கிலோபைட் நினைவகத்தில் எண்ணிவிடும் அருமையான முறை. இயல்பு அமைப்பில் 3,000 வரை ஏறக்குறையச் சரியாக இருக்கும். அதற்கு மேல் சிறிது விலகும். அடைவிலோ 9,000-க்கு மேற்பட்ட பெயர்கள். அந்த வரம்பை 40,000 வரை உயர்த்த முடியும் என்பதால், இத்தகைய தரவுக்கு உயர்த்தாமல் விடுவதற்குக் காரணமே இல்லை. சொந்த அடுக்கு எழுதுவோர் விடையோடு ‘துல்லியம்’ அல்லது ‘தோராயம்’ என்று ஒரு குறிப்பையும் சேர்த்துத் தரலாம்.

கல்வெட்டுகள் எண்ணிக்கைக்கு மட்டும்தான் உதாரணம். சராசரி, கூட்டல், ஏற்ற இறக்கம் போன்ற அளவுகளுக்கு மதுரையின் சந்தையைவிட நல்ல பாடம் கிடைக்காது. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் தொடங்கியது. நாள்தோறும் விலை நிர்ணயித்துப் பலகையில் எழுதும் முறை அங்கே உண்டு. இந்திய அரசின் அக்மார்க்நெட் தளமும் ஒவ்வொரு சந்தையின் வரத்து, குறைந்த விலை, அதிக விலை, பரவலான விலை ஆகியவற்றை நாள்வாரியாக வெளியிடுகிறது. மாதவாரியாகப் பிரி, சந்தைவாரியாகப் பிரி, சராசரி விலை எடு என்று சங்கிலி எழுதுவது எளிது. ஆனால் ஐந்து மூட்டை வந்த நாளின் விலைக்கும் ஐநூறு மூட்டை வந்த நாளின் விலைக்கும் அந்தச் சராசரியில் ஒரே எடை. உழவர் கையில் சேர்ந்த பணத்தை அறிய வேண்டுமென்றால் வரத்தை எடையாக வைத்த வெயிட்டட் ஆவரேஜ் என்ற தனி அளவு வேண்டும். மல்லிகை விலை முகூர்த்த நாளில் எகிறி, மறுநாளே சரிகிறது. பனிக்காலத்தில் வரத்து குறைந்து விலை ஏறுகிறது. வரத்தும் விலையும் எதிரெதிராக நகரும் இத்தகைய பொருளில் எடையில்லாச் சராசரி எப்போதும் உண்மையைவிட உயர்வான வருமானத்தையே காட்டும். அந்த எண்ணை நம்பி நடவு முடிவெடுக்கும் விவசாயிக்கு அது நட்டம்.

இவ்வளவுக்குப் பிறகு ஒரு நேர்மையான கேள்வி எழுகிறது. 3,500 கல்வெட்டுக்குத் தேடுதளம் எதற்கு? பாண்டாஸ் என்ற பைத்தான் தரவு நூலகம் போதாதா? எண்ண மட்டும் வேண்டுமென்றால் போதும். மடிக்கணினியின் நினைவகத்திலேயே அடங்கும். எண்களும் துல்லியமாக வரும். பாண்டாஸிலும் டக்டிபியிலும் சங்கிலி எழுதும் வழி இருக்கிறது. தேடலும் எண்ணுதலும் ஒன்றாகக் கலக்கும்போதுதான் தேடுதளம் தன் விலைக்குத் தகும். ‘ஏரிக்கரை உடைந்தது பற்றிப் பேசும் கல்வெட்டுகளை எடு; அவற்றில் கொடையாளர்களின் பட்டங்களைக் காலவாரியாக எண்ணு’ என்ற கேள்வியின் முதல் பாதி உரைத்தேடல், இரண்டாம் பாதி திரட்டல். ஏரி, குளம், கண்மாய், ஏந்தல் என்று எந்தச் சொல்லில் இருந்தாலும் கண்டுபிடித்து, அதே கோரிக்கையில் எண்ணியும் தருவது தேடுதளத்துக்குத்தான் இயல்பாக வரும். தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையில் பாண்டியருக்கான பதினான்காம் தொகுதி 1962இல் அச்சானது. ஐரோப்பிய ஆய்வு நிதியில் 2019இல் தொடங்கிய தர்மா திட்டம் தமிழ்க் கல்வெட்டுகளை எபிடாக் என்ற குறிமுறையில் வெளியிட்டிருக்கிறது. ஆட்கள், ஊர்கள், ஆண்டுகள் தனித்தனியாகக் குறிக்கப்பட்டால் அத்தகைய கோப்புகள் நெஸ்டட் வகைக்கு நேராகப் பொருந்தும்.

எலாஸ்டிக்சர்ச்சே 2024இல் குழாய் வடிவிலான ஒரு புதிய வினவல் மொழியை முழுமையாக வெளியிட்டது. வடிகட்டிய வரிசைகளை அடுத்த படிக்குத் தள்ளிக்கொண்டே போகும் அமைப்பு அது. அட்டவணையாகவே விடை வருவதால் பக்கெட்டை அவிழ்க்கும் வேலை மிச்சம். நெஸ்டட் புலங்களுக்குப் பழைய திரட்டலே இன்றும் கைகொடுக்கிறது. ஆகவே ஒரே சங்கிலியை இரண்டு மொழிக்கும் மொழிபெயர்க்கும் அடுக்கு எழுதுவது இன்றைய நிலையில் நல்ல முதலீடு. படிகளை டியூப்பிளாக வைத்திருப்பவர்களுக்கு அது கூடுதலாக ஒரு மொழிபெயர்ப்புச் செயல் எழுதுவதோடு முடிந்துவிடும்.

எழுதிய சங்கிலி சரிதானா என்று பார்க்க மதுரையில் அச்சான அந்த மூன்று தொகுதிகளே கைவசம் உள்ள நல்ல சோதனைத் தரவு. ஏதேனும் ஒரு பட்டத்தை எடுத்து, அடைவு சுட்டும் கல்வெட்டு எண்களைப் பட்டியலிட்டு, அதே கேள்வியைச் சங்கிலியிடம் கேட்டு, இரண்டு பட்டியலும் ஒத்துப்போகிறதா என்று பைடெஸ்ட் என்ற சோதனைக் கருவியில் ஒரு சோதனை எழுதலாம். அதற்கும் முன் எழுத வேண்டிய சோதனை இன்னும் எளியது. நான்கு காலப் பகுதிகளின் கூட்டுத்தொகை, மொத்த எண்ணிக்கைக்குச் சமமாக இருக்கிறதா? பெரும்பாலும் இருக்காது. காலம் கண்டறியப்படாத கல்வெட்டுகள் எந்தப் பக்கெட்டிலும் விழாமல் ஓசையின்றி வெளியே நிற்கும். மிஸ்ஸிங் என்ற திரட்டலை ஐந்தாவது பக்கெட்டாகச் சேர்த்தால் அவை விடைக்குள் வரும். அரசன் பெயர் சிதைந்த, ஆண்டு உதிர்ந்த பாண்டிநாட்டுக் கல்வெட்டுகளுக்கு அந்த ஐந்தாவது பக்கெட்டில் இடம் ஒதுக்காமல் எந்த வரைபடத்தையும் வெளியிடக் கூடாது.